பராக்குப் பிள்ளை

சென்ற மாதம் ஒரு பிற்பகல், பாடசாலை விட்டு நாம் வீடு திரும்ப ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், ஒரு பெண்மணி தம் ஏழு வயது மகனைக் கையிற் பிடித்தவாறு ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றார். முகம் பழகிய முகம். பெயர் உடனே நினைவுக்கு வரவில்லை. "சேர், என்னைத் தெரியுதோ? 2007ஆம் ஆண்டு ஓ.எல். வகுப்பு" என்றார். அக்காலத்தில் நாம் வேறொரு பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தோம். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர் எம்மைத் தேடி விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

கைப்பையிலிருந்து ஒரு பழைய தேர்ச்சி அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டாந் தவணை, வகுப்பில் நான்காம் பிள்ளை. கீழே எமது கையெழுத்தில் எமது வாசகம்: "கெட்டிக்காரி. ஆனால் அசட்டை அதிகம். பராக்குப் பார்ப்பதை விட்டு முயன்றால் முதலாம் பிள்ளையாக வரலாம்." எழுதிய நாளில் இதனை நல்லதோர் அறிவுரை என்றே நாம் எண்ணியிருப்போம்.

"இதைக் குறை சொல்லக் கொண்டு வரேல்லை, சேர்" என்று அவசரமாகச் சொன்னார். "டொக்டர்தான் பழைய றிப்போட் எல்லாம் தேடிக்கொண்டு வரச் சொன்னவர்."

நடந்தது இது. மகன் படிக்கும் பாடசாலையிலிருந்து முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு. கதிரையில் அமர்ந்திரான், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியிற் கீறுவான், கேள்வி முடியுமுன் விடையைச் சொல்லிவிடுவான். ஆசிரியை ஒருவரின் சொற்கேட்டுப் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றார்கள். அங்கே உளமருத்துவ நிபுணர் தாயிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுவதுண்டா? பொருள்களைத் தொலைப்பதுண்டா? முகத்துக்கு நேரே பேசும்போதும் காதில் விழாதது போல இருப்பதுண்டா? பாதிக் கேள்விகள் முடியுமுன்னரே தாயின் கண்கள் கலங்கிவிட்டன. மகனைப் பற்றிக் கேட்கிறாரா, தம்மைப் பற்றிக் கேட்கிறாரா என்று அவருக்கே மயக்கம். நிபுணர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்கள் சின்ன வயதில் எப்படி?" என்று கேட்டாராம்.

ஏ.டி.எச்.டி. என்று ஆங்கில எழுத்துக்களால் வழங்கும் அவதானக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாற்றைப் பற்றியே இவ்வாரம் பேச எண்ணுகின்றோம். பெயர் நீண்டது; அந்நியமாகவும் ஒலிக்கும். ஆயின் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் இதன் இரு முகங்களுக்கும் சொற்கள் முன்னரே உண்டு. ஒன்று குழப்படி, மற்றது பராக்கு. குழப்படிப் பிள்ளையை அயலட்டை முழுவதும் அறியும். பராக்குப் பிள்ளையோ யன்னலுக்கு வெளியே வேப்பமரத்துக் காகத்தைப் பார்த்தபடி இருக்கும். எவருக்கும் இடைஞ்சல் செய்யாது. மருத்துவ நூல்கள் இவ்விரண்டையும் ஒரே கோளாற்றின் இரு கூறுகளாகக் கொள்கின்றன. சில பிள்ளைகளிடம் ஒன்று மிகும். சிலரிடம் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்றிக் ஹொவ்மன் தம் சிறு மகனுக்கென எழுதிப் படமும் வரைந்த கதைப்பாட்டு நூல் 1845இல் முதன்முதலாக வெளிவந்து, பின்வந்த பதிப்புக்களில் விரிவடைந்தது. அதில் உணவு மேசையில் அடங்கியிராது ஆடி, விரிப்போடு கோப்பைகளையும் இழுத்து வீழ்த்தும் பிலிப் என்பவன் ஒருவன். வானத்தைப் பார்த்தபடி நடந்து நீரில் விழும் ஹான்ஸ் என்பவன் மற்றொருவன். குழப்படியும் பராக்கும் அப்போதே பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஆனால் இருவரும் பையன்கள். 1902இல் லண்டன் மாநகரில் குழந்தை மருத்துவர் ஜோர்ஜ் ஸ்ரில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியபோதும் அவர் காட்டியவர்களிற் பெரும்பாலோர் ஆண்பிள்ளைகளே. 1968இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைந்நூல் இதற்குப் பெயர் சூட்டியபோது, அமைதியின்றி ஓடியாடும் இயக்கத்தையே பெயரில் வைத்தது. 1980இல் வந்த பதிப்பே அவதானக் குறைபாட்டை முன்னிறுத்தி, ஓட்டமும் ஆட்டமும் இல்லாமலும் இக்கோளாறு இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. ஆக, இந்நோயின் இலக்கணம் முதலில் ஆண்பிள்ளைகளைப் பார்த்தே எழுதப்பட்டது. இலக்கணத்துக்குள் அடங்காத பெண்பிள்ளை நெடுங்காலம் வெளியிலேயே நின்றாள்.

எத்தனை பேர் அவ்வாறு வெளியில் நின்றார்கள் என்பதைக் கணக்குக் காட்டுகின்றது. பொதுமக்களிடையே சென்று ஆராய்ந்தால் ஆண்பிள்ளைகள் இருவர் அல்லது மூவருக்குப் பெண்பிள்ளை ஒருத்தி என்ற அளவில் இக்கோளாறு காணப்படும். மருத்துவ நிலையங்களுக்கு அழைத்து வரப்படுவோரிலோ ஒன்பது பையன்களுக்கு ஒரு சிறுமி என்ற அளவுக்கும் வித்தியாசம் இருந்ததுண்டு. வளர்ந்தோரை எடுத்துக்கொண்டால் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம். பிள்ளைப் பருவத்திற் காணாமற்போன பெண்கள் முப்பதிலும் நாற்பதிலும் தாமாகவே வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று இதற்குப் பொருள். பலர் எமது பழைய மாணவியைப் போல மகனையோ மகளையோ கூட்டிச் சென்ற இடத்தில் தம்மைக் கண்டுகொள்கிறார்கள். அதில் வியப்பில்லை; இக்கோளாறு குடும்ப வழியில் வருவது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் மரபுரிமையின் பங்கை நூற்றுக்கு எழுபது எண்பது என மதிப்பிடுகின்றன. உடலின் உயரத்தில் மரபுரிமைக்குள்ள பங்குக்கு இது அதிகம் குறைந்ததன்று.

எம்மைப் போன்ற ஆசிரியருக்கு உறைக்க வேண்டிய ஓர் ஆய்வு 2004இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. பிள்ளையொன்றின் நடத்தையை விவரிக்கும் குறிப்பை ஆசிரியர்களிடம் கொடுத்து, இப்பிள்ளையை மேற்பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார்கள். நடத்தை ஒன்றே, சிலருக்குக் கொடுத்த குறிப்பில் ஆண்பிள்ளை, சிலருக்குக் கொடுத்ததிற் பெண்பிள்ளை. ஆண்பிள்ளை என்று வாசித்தவர்களே அனுப்ப வேண்டும் என்று அதிகமாகச் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்தானே என்று நாம் தள்ளிவிட முடியவில்லை. எமது கையெழுத்து மேசைமேற் கிடந்ததே!

அந்த 2007ஆம் ஆண்டை வாசகர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை மூடிக்கிடந்த காலம். எல்லாப் பிள்ளைகளின் முகத்திலும் சோர்வு இருந்தது. ஒரு பிள்ளையின் பராக்கை யுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவது இலகுவாக இருந்தது. புள்ளி குறைந்த பிள்ளைகளைப் பற்றித்தான் கவலைப்பட நேரமிருந்தது. நான்காம் பிள்ளைக்கு என்ன குறை?

என்ன குறை என்பதை அன்று பிற்பகல் கேட்டோம். "பாடம் தொடங்கேக்க கேட்டுக்கொண்டுதான் இருப்பன், சேர். பிறகு பார்த்தா பத்து நிமிசம் எங்கையோ போயிருக்கும். கரும்பலகையில வேற கணக்கு நிக்கும்." இடைவேளையில் தோழியின் கொப்பியை வாங்கி, விட்டவற்றைப் பார்த்தெழுதுவார். தோழி சலித்துக்கொள்ளாதிருக்க அவளுக்கு வீட்டிலிருந்து பனங்காய்ப் பணியாரம் கொண்டுபோய்க் கொடுப்பார். செய்ய வேண்டியவற்றை உள்ளங்கையில் மையால் எழுதி, எவரும் காணுமுன் கழுவிவிடுவார். ஓராண்டில் மூன்று கேத்திரகணிதப் பெட்டிகள் தொலைந்தன. இரண்டைத் தாய்க்குத் தெரியாமற் சேமித்த காசில் வாங்கினார். இரவில் எல்லாரும் உறங்கிய பின்னர் நின்றும் நடந்தும் ஒரே பக்கத்தை ஐந்தாறு முறை வாசிப்பார். நித்திரை வந்தாற் கால்களைத் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொள்வார். மற்றப் பிள்ளை முக்கால் மணி நேரத்தில் முடிக்கும் வீட்டுவேலைக்கு அவருக்கு நள்ளிரவு தாண்டிவிடும். பரீட்சை நெருங்க நெருங்கப் பயம் வரும். பயம் வந்த பின்புதான் மூளை ஓடும். அந்தப் பயத்தையே பிடித்துக்கொண்டு பரீட்சைகளை எல்லாம் கடந்திருக்கிறார்.

இதையெல்லாம் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டோம். அறிக்கையை விரலாற் தொட்டுக் காட்டினார். "முயன்றா முதலாம் பிள்ளை எண்டு எழுதியிருக்குது. முயன்றுதானே, சேர், நாலாம் பிள்ளையா வந்தனான்."

இதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கதைப்புத்தகத்தை எடுத்தால் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கிறாளே, சாப்பிடக் கூப்பிட்டாலும் காது கேளாதே, இவளுக்குக் கவனம் இல்லை என்பது எப்படி என்பார்கள். கேள்வி நியாயமானது. இக்கோளாறு உள்ளவரிடம் அவதானம் இல்லாமற் போவதில்லை. அதனை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் கடினம். குளத்தில் நீர் இருக்கிறது. துருசு சொற்கேட்க மறுக்கிறது. விருப்பமான வாய்க்காலுக்குப் பெருகி ஓடும் நீர், பாய வேண்டிய வயலுக்குத் திரும்பாது. மூளையின் முன்பகுதியில் திட்டமிடல், காத்திருத்தல், ஒன்றைச் சிறிது நேரம் நினைவில் ஏந்தியிருத்தல் ஆகியவற்றை நடத்தும் வலைப்பின்னலிலும், டொப்பமின், நொர்அட்ரினலின் என்னும் இரசாயனத் தூதுவர்களின் போக்கிலும் வேறுபாடு உண்டென்று ஆய்வாளர் கூறுவர். நேரத்தைப் பற்றிய உணர்வும் இவர்களுக்கு வேறு. இப்பொழுது என்பது ஒன்று, இப்பொழுதல்ல என்பது மற்றொன்று; நாளை மறுநாள் என்பது இரண்டாவதற்குள் எங்கோ கிடக்கும்.

கெட்டிக்காரப் பிள்ளையிடம் இது இன்னும் ஆழத்தில் மறைகிறது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வரை தாய் பக்கத்தில் அமர்ந்து படிப்பிக்கிறார். மேல்வகுப்பில் தனியார் கல்வி நிலையம் நாளை நிரப்புகிறது. பிள்ளையின் மூளை செய்யாத ஒழுங்கை வெளியிலுள்ளோர் செய்துகொடுக்கிறார்கள். பல்கலைக்கழக விடுதி அறையில் அந்தச் சாரம் அகன்றதும் கட்டடம் ஆட்டங்காண்கிறது. எமது மாணவியும் முதலாம் ஆண்டில் இரு பாடங்களிற் சித்தியடையவில்லை. காதல் விவகாரம் என்று ஊர் பேசியதாம். ஊருக்கு எதற்கும் ஒரு விளக்கம் கைவசம் இருக்கும்.

மணமான பின்னர் நிலைமை கடினமாயிற்று. நம் வீடுகளில் ஞாபகம் என்பது பெண்ணின் பொறுப்பு. மாமியாரின் மருந்து முடியும் நாள், பிள்ளையின் தடுப்பூசித் திகதி, மின்கட்டணம், திவசம், அயல்வீட்டுக் கலியாணத்துக்குக் கொடுத்த மொய் எல்லாம் அவள் தலைக்குள் இருக்க வேண்டும். ஆண் மறந்தால் வேலைப்பளு என்கிறோம். பெண் மறந்தாற் பொறுப்பில்லாதவள் என்கிறோம். பால் பொங்கி வழிந்த அடுப்பு அவளுடைய குணத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. போதாததற்கு, பூப்பு, மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவற்றில் ஈஸ்ட்ரஜன் என்னும் ஓமோன் ஏறியிறங்கும்போது அவதானமும் கூடக்குறைய ஆட்டங்காண்பதைப் பல பெண்கள் சொல்கிறார்கள். மருத்துவ உலகம் இதனை அண்மைக் காலத்திலேதான் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

இதனைப் பாரதூரமற்ற மறதி என்று சிரித்துவிட்டுப் போகலாமா? போக முடியாது என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்து உளவியற் பேராசிரியர் ஸ்ரீபன் ஹின்ஷோ, 1990களின் பிற்பகுதியில், 6 முதல் 12 வயது வரையுள்ள 140 சிறுமியரையும், ஒப்பிடுவதற்கு இக்கோளாறு இல்லாத 88 சிறுமியரையும் கோடைகால முகாம்களிற் சேர்த்து ஆராயத் தொடங்கினார். அச்சிறுமியர் வளர்ந்து பெரியவராகும்வரை அவர் குழுவினர் தொடர்ந்து சென்றனர். 2012இல் வெளியான பத்தாண்டு முடிவுகள் கவலை தருவன. வளர்ந்தபின் துள்ளலும் ஓட்டமும் பலரிடம் அடங்கியிருந்தன. ஆனால் பராக்கோடு பதற்றமான அவசரமும் சேர்ந்திருந்த பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் தம் உயிரை மாய்க்க முயன்றிருந்தனர். பையன்களின் துன்பம் பெரும்பாலும் வெளியே கல்லெறியும். சிறுமியரின் துன்பம் உள்ளே திரும்புகிறது. மனச்சோர்வு என்றும் பதகளிப்பு என்றும் அதற்கு மட்டும் மருந்து கொடுத்து, அதன் அடியிலிருப்பதைக் காணாது விடுவதும் உண்டு.

ஒன்றை இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும். இல்லாவிடில் அடுத்த வாரம் எமக்கு வரும் கடிதங்களைத் தபாற்காரர் சுமக்கமாட்டார். பராக்குப் பார்க்கும் பிள்ளையெல்லாம் இக்கோளாறுள்ள பிள்ளையன்று. நித்திரை போதாமை, இரத்தச்சோகை, தைரொயிட் சுரப்பியின் குறை, கண் மங்கல், செவிப்புலன் குறைவு, வீட்டில் நடக்கும் சண்டை, பிரிவுத் துயர், யுத்தம் விட்டுச் சென்ற அச்சம் ஆகிய எதுவும் பிள்ளையைப் பராக்காக்கும். கைத்தொலைபேசியை நள்ளிரவு வரை தடவும் பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சிறு பராயத்திலேயே தொடங்கி, வீடு, பாடசாலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நீடித்து, வாழ்வைத் தடைப்படுத்துகிறதா என்று நிபுணர் பார்ப்பார். முன்னர் ஏழு வயதுக்குள் அறிகுறி தோன்றியிருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2013இல் பன்னிரண்டு வயது எனத் தளர்த்தினார்கள். பழைய தேர்ச்சி அறிக்கைகளை நிபுணர் கேட்டது இதனாலேயே.

மருந்தைப் பற்றி அச்சம் பலருக்கு உண்டு. மெதைல்பெனிடேற் என்னும் மருந்தே உலகெங்கும் பெரிதும் வழங்குவது. சுவிற்சர்லாந்தில் சீபா நிறுவனத்து இரசாயனவியலாளர் லியாண்ட்ரோ பனிற்சோன் 1944இல் இதனை ஆக்கினார். அவர் மனைவி மார்கரீற் டென்னிஸ் ஆடுமுன் இதனை உட்கொண்டு பார்த்தாராம். அவரது செல்லப்பெயரான றீற்றாவிலிருந்தே றிற்றலின் என்ற வணிகப் பெயர் பிறந்தது. நெடுங்காலமாகப் பையன்களுக்கே எழுதப்பட்டு வந்த மருந்துக்கு ஒரு பெண்ணின் பெயர் அமைந்தது வேடிக்கைதான். பசிக்குறைவு, நித்திரைக் குறைவு போன்ற பக்க விளைவுகள் இதற்கு உண்டு; ஆதலின் மருத்துவரின் மேற்பார்வையிலன்றி எவரும் தொடலாகாது. எல்லார்க்கும் மருந்து வேண்டும் என்பதுமில்லை. வேலையைச் சிறு சிறு கூறாக்குதல், சொல்வதை எழுதிக் கொடுத்தல், நேரத்தைக் கண்ணுக்குத் தெரியவைத்தல் ஆகியன ஆசிரியர் செலவின்றிச் செய்யக்கூடியவை.

மருந்தைவிடப் பெரிய தடை வேறொன்று. மகனைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும் தகப்பன் மகளைக் கூட்டிச் செல்லத் தயங்குகிறார். நாளைக்கு ஒரு கலியாணம் பேசும்போது விசர் என்று எவரும் கதைகட்டினால் என்ன செய்வது என்பார். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட விரும்பவில்லை. ஊர் வாய் எப்படிப்பட்டது என்பது எமக்கும் தெரியும். ஆனால் காரணம் அறியாத பெண், தன்னைச் சோம்பேறி என்றும் மூடம் என்றும் தானே ஏசிக்கொண்டு இருபது முப்பது ஆண்டு வாழ்கிறாள். அந்த ஏச்சை அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று தேடினால், ஒரு தேர்ச்சி அறிக்கையின் அடியில் எம்மைப் போன்ற ஒருவரின் கையெழுத்துக் கிடக்கும்.

இத்தவணை தொடக்கம் நாம் வகுப்பில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கின்றோம். ஒப்படை எழுதும் பிள்ளைகள் அதன் அடியில், எழுத எவ்வளவு நேரம் சென்றது என்பதையும் குறிக்க வேண்டும். அதற்குப் புள்ளி இல்லை, ஏச்சும் இல்லை. முதல் வாரத்திலேயே ஒரே புள்ளி பெற்ற இரு ஒப்படைகள் வந்தன. ஒன்றின் அடியில் 50 நிமிடம் என்றிருந்தது. மற்றதன் அடியில் 4 மணி 30 நிமிடம். அந்தப் பிள்ளையின் தாயாரை வரும் வாரம் சந்திக்கக் கேட்டிருக்கின்றோம்.

அன்று எமது பழைய மாணவி புறப்படுமுன் ஓர் உதவி கேட்டார். தாம் பாடசாலையில் எப்படி இருந்தார் என்று நிபுணருக்கு ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்றார். அவர் மாமியாருக்கு இந்த வைத்தியம் எதிலும் நம்பிக்கை இல்லை. கணவர் மட்டும் அடுத்த முறை கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். தரம் 3இல் ஒருவர் எழுதிய "அமைதியான பிள்ளை, கனவு காண்கிறாள்" என்ற அறிக்கையும், தரம் 5இல் "கவனித்தால் இன்னும் நன்று" என்ற அறிக்கையும் ஏற்கெனவே கையிலிருந்தன. நாங்கள் பேசி முடிப்பதற்குள் மகன் எமது மேசைமணியைக் கழற்றிவிட்டிருந்தான். திருகாணி ஒன்றைத் தாயும் மகனும் மேசையின் கீழ் நெடுநேரம் தேடினார்கள்.

கடிதத்தை அன்றிரவே எழுத அமர்ந்தோம். அசட்டை என்ற சொல்லை விட்டுவிட்டு, யன்னலோரம் இரண்டாம் வாங்கில் அப்பிள்ளை இருந்ததையும், இடைவேளையில் விளையாடாது பார்த்தெழுதிக்கொண்டிருந்ததையும், உள்ளங்கையில் மைக்கறை இருந்ததையும் மட்டும் எழுதினோம். அந்த மைக்கறையை நாம் அன்றே கண்டிருக்கின்றோம். பார்த்தெழுதுவதற்கோ என்று ஒருமுறை ஐயுற்று, கையை விரிக்கச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அதனையும் சேர்த்தே எழுதினோம்.